திரைக்கு வராத வரி

தொம்மலூர்
3 மார்ச் 2025

முனிராஜ் அண்ணாவுக்கு,

தர்ஷினி எழுதுகிறேன், சாஃப்ட்வேர் டீம் தர்ஷினி. உங்கள் நம்பருக்கு ஆறு முறை அடித்தேன். ஒருமுறை சரசு அக்கா எடுத்து, "அவரு யார்கிட்டயும் பேசறதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வாட்ஸ்ஆப்பில் எழுதப் பயமாக இருந்தது. ஆபீஸில் யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நவம்பரில் நீங்கள் கொடுத்த கிரகப்பிரவேசப் பத்திரிகையில் முகவரி இருந்தது.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சஸ்பென்ஷன் ஆகி ஒரு மாதம் ஆகப்போகிறது. பிரிஜெட் அக்கா குளிர்கிடங்கின் மூன்றாம் அறையில் மாட்டிக்கொண்ட அன்று நீங்கள் கண்ட்ரோல் ரூமில் தூங்கிவிட்டீர்கள் என்று முதல் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அதோடு என் கடிதத்தையும் இணைத்திருக்கிறார்கள். விபத்துக்கு மறுநாள் கேட்டார்கள், கொடுத்தேன். "நிரல் வெளியிடும் எல்லாச் செய்திகளும் ஆபரேட்டரின் திரையில் தெரியும்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பிப்ரவரி 4, மதியம் இரண்டு ஐம்பதிலிருந்து மூன்றரை வரை, நான் செய்து கொடுத்த அந்த வெள்ளைத் திரையில் என்னென்ன வந்தது? நினைவிருப்பதை அப்படியே எழுத முடியுமா? எமர்ஜென்சி என்று ஏதாவது வந்ததா?

ஏன் கேட்கிறேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

தர்ஷினி


அல்சூர்
7 மார்ச் 2025

தர்ஷினி மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் தமிழ் மீடியத்தில் ஏழாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அன்றைக்கு என்ன வந்தது என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் நாலு வரி வந்தது. அறை ஒன்று மைனஸ் பதினேழு. அறை இரண்டு மைனஸ் பதினெட்டு. அறை மூன்று மைனஸ் பதினெட்டு. அறை நாலு கதவு மூடியுள்ளது. அவ்வளவுதான். மூன்று மணிக்கு டீ வந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே குடித்தேன். நான் தூங்கவில்லை. எமர்ஜென்சி என்ற வார்த்தையை நான் பார்க்கவே இல்லை. இதை ஹெச்.ஆரில் கன்னடத்தில் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் சொன்னேன். "சிஸ்டம்ல வந்திருக்குமே, சாப்ட்வேர் மேடமே எழுதிக் கொடுத்திருக்காங்களே" என்று உங்கள் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

மூன்று இருபத்தெட்டுக்கு லோடர் ஒருவன் பட்டாணிப் பெட்டி எடுக்கக் கதவைத் திறந்தபோதுதான் பிரிஜெட் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள் கைப்பிடி பனி பிடித்து இறுகிவிட்டிருந்தது. கதவுக்கு மேல் இருக்கிற மணி தீபாவளியிலிருந்து ரிப்பேர். அவளுக்கு இருந்தது, ஆள் மாட்டிக்கொண்டால் அமுக்குகிற அந்தச் சிவப்புப் பொத்தான் ஒன்றுதான். உறை போட்ட கையால் அது உள்ளே போகவில்லை என்று உறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் அமுக்கியிருக்கிறாள். வலது கையில் மூன்று விரல் நுனியை எடுத்துவிட்டார்கள்.

பிரிஜெட் எங்கள் தெருதான். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான். ஆஸ்பத்திரியில் சரசு பார்க்கப் போனபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாளாம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் தெருவில் வந்தால் உள்ளே போய்விடுகிறாள். பொத்தான் அமுக்கினது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வேலை போனது வேறு. இதை என்னால் தாங்க முடியவில்லை. பகலில் வெளியே போவதையே விட்டுவிட்டேன்.

நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று எழுதவும்.

இப்படிக்கு,
மு. முனிராஜ்


தொம்மலூர்
11 மார்ச் 2025

அண்ணா,

நீங்கள் என்னை மேடம் என்று எழுதிய இடத்தைத் தாண்டிப் படிக்க நேரம் ஆனது. எழுதாமல் இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. நேராகச் சொல்கிறேன்.

முன்பு உங்களுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது, ஞாபகமா? ஜாவா நிரல் ஓடும்போது தன் செய்திகளைக் கொட்டுகிற இடம் அது. அதற்கு கன்சோல் என்று பெயர். எழுத்து சின்னதாக இருக்கும். தெரியாமல் மவுஸ் பட்டால் ஓட்டமே நின்றுவிடும். "பாப்பா, கறுப்புப் பெட்டி மறுபடியும் நின்னுடுச்சு, ஒரு நல்ல ஜன்னல் மாதிரி பண்ணிக் குடேன், கண்ணு போவுது" என்று வாரம் ஒருமுறை போன் செய்வீர்கள். யாரும் என்னிடம் கேட்காத வேலை அது. நவம்பரில் நானாக ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து செய்தேன். வெள்ளைத் திரை, பெரிய எழுத்து. கன்சோலுக்குப் போகிற செய்திகளை அங்கே போகாமல் திருப்பி, அந்தத் திரைக்குள் இருக்கும் எழுத்துப் பகுதியில் விழ வைத்தேன். நீங்கள் தவறுதலாக மூடிவிடக் கூடாது என்று கறுப்புப் பெட்டியை அடியோடு எடுத்துவிட்டேன்.

ஜாவா நிரல் பேசுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. சாதாரணச் செய்திகளுக்கு ஒன்று, பிழைகளுக்கும் ஆபத்துக்கும் இன்னொன்று. கறுப்புப் பெட்டியில் இரண்டும் ஒரே இடத்தில்தான் விழும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான் முதல் வழியை மட்டும் திருப்பினேன். இரண்டாவதைத் திருப்ப இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். எழுதவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அது வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வெப்பநிலை ஒழுங்காக வந்தது, நீங்கள் "சூப்பர் பாப்பா" என்றீர்கள், நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

அறைக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானுக்கான செய்தியை, எனக்கு முன்னால் இருந்த யாரோ, ஆபத்துச் செய்திதானே என்று இரண்டாவது வழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா அமுக்கிய ஒவ்வொரு முறையும் நிரல் கத்தியிருக்கிறது. அது போய் விழ ஓர் இடமே இல்லை.

இதைக் கண்டுபிடித்தது பிப்ரவரி 20. அன்றே மேனேஜர் ராகேஷிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "இன்னைக்கே சரி பண்ணிப் போட்டுடு, மெயில் எதுவும் வேண்டாம்" என்றார். ஒரு வரி சேர்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது நீங்கள் போய் உட்கார்ந்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். நான் எழுதிக் கொடுத்த கடிதம் இன்றைக்கு உண்மை. அன்றைக்கு உண்மை இல்லை.

நான் டிசம்பரிலேயே ராஜினாமா கொடுத்துவிட்டேன். தொண்ணூறு நாள் நோட்டீஸ் இந்த மாதம் 28-ல் முடிகிறது. புதிய கம்பெனியில் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள். 26-ஆம் தேதி விசாரணை முடியட்டும், நீ கொடுத்த ஸ்டேட்மென்ட் அப்படியே இருக்கட்டும், பிறகு லெட்டர் தருகிறேன் என்கிறார் ராகேஷ். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

என்ன செய்வது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களிடம் கேட்பதே தப்பு என்றும் தெரிகிறது.

தர்ஷினி


அல்சூர்
14 மார்ச் 2025

தர்ஷினி,

மூன்று தரம் படித்தேன். அப்புறம் சரசுவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவினதையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒரு வரி விட்டுப்போனதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டவன் நான். என் கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கேட்டேன், நீ சும்னே, காசு வாங்காமல் செய்து கொடுத்தாய், பத்து ரூபாய் டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் தப்பில் பாதி என்னுடையது. ஆனால் இருபதாம் தேதி உனக்குத் தெரிந்திருக்கிறது. மார்ச் பதினொன்றுக்கு எழுதுகிறாய். நடுவில் இருக்கிற நாட்களை எண்ணிப் பார்த்தாயா? அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? ஒருவேளை நிஜமாகவே தூங்கிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்களாமே, அப்படி ஏதாவது ஆகிவிட்டதோ என்று. ஒரு மனுஷனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போவது எவ்வளவு பெரிய பேஜாரு என்று உனக்குத் தெரியாது.

உன் கடிதம் என் கையில் இருக்கிறது. உன் கையெழுத்து, உன் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது. இருபத்தாறாம் தேதி இதைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால் என் வேலை எனக்கு வந்துவிடும் என்கிறாள் சரசு. எனக்கும் அது தெரிகிறது.

ஆனால் முதலில் ஒன்று செய். கம்பெனி கிடக்கட்டும். பிரிஜெட் வீட்டுக்குப் போய்ச் சொல். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். தப்பிக்கப் பார்க்கிறான் என்பாள். செய்தவள் நீ. நீ சொன்னால்தான் நம்புவாள்.

முனிராஜ்


தொம்மலூர்
18 மார்ச் 2025

அண்ணா,

கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கடிதத்தை 26-ஆம் தேதி காட்டாதீர்கள். 28 வரை பொறுங்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த அன்றே நான் எழுதிக் கொடுக்கிறேன். இரண்டே நாள்தான்.

எழுதிய பிறகு நானே படித்துப் பார்த்தேன். விசாரணை முடிந்து, உங்களை வேலையை விட்டு அனுப்பி, அதற்கப்புறம் இரண்டு நாள் கழித்து நான் எழுதிக் கொடுத்து யாருக்கு என்ன பயன்? தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஆபீஸில் எனக்கு வேலை எதுவும் தருவதில்லை. நிரலைத் தொடுகிற அனுமதியை எடுத்துவிட்டார்கள், பார்க்க மட்டும் முடியும். ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பக்கத்து சீட் வீணா மட்டும் ஒருநாள் காதோரம் வந்து, "கம்முனு இரு, பத்து நாள்தானே" என்றாள். பாத்ரூமுக்கு எழுந்தால்கூட ராகேஷ் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பிரிஜெட் அக்காவைப் பார்க்கக் கிளம்பினேன். அல்சூர் ஏரிப்பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி, உங்கள் தெரு முனை வரை நடந்தேன். குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் யார் அவர் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் முகத்தையே நான் பார்த்ததில்லை அண்ணா. திரும்பி வந்துவிட்டேன்.

தர்ஷினி


அல்சூர்
21 மார்ச் 2025

தர்ஷினிம்மா,

நீ பதினொன்றாம் தேதி எழுதின கடிதத்தை இதோடு வைத்து அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. நீயே வைத்துக்கொள், இல்லை கிழித்துப் போடு. உன் இஷ்டம்.

இதைத் திருப்பி அனுப்புகிறேன் என்றதும் சரசு என்னோடு சண்டை போட்டாள். "உனக்கு இன்னா பைத்தியமா? அவ வேலைக்கு ஆபத்துன்னா உனக்கென்ன? நாம இன்னா சோறு துன்றோம்னு அவ கேட்டாளா?" என்றாள். அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

நான் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிடாதே. இதைக் கொண்டுபோய்க் காட்டுவது என்றுதான் புதன்கிழமை வரைக்கும் இருந்தேன். சட்டைப் பையில்கூட வைத்துப் பார்த்தேன். அப்புறம் அங்கே நடக்கப்போவதை யோசித்தேன். "இதை நீ எழுதினாயா" என்று உன்னைக் கேட்பார்கள். ராகேஷ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். நீ பயத்தில், "அவர் கேட்டுக்கொண்டார், பாவம் பார்த்து எழுதினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. தூங்கினவன் மட்டுமில்லை, ஒரு பெண்ணை மிரட்டிக் கடிதம் வாங்கினவன் என்றும் ஆகிவிடும். உன் வாயிலிருந்து வராமல் இந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உன் போன கடிதத்தைப் படித்தபோது, அந்த சீட்டில் நீ உட்கார்ந்திருக்கிறது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறதும் அதே மாதிரிதான். இருபத்தாறாம் தேதி பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். தூங்கவில்லை என்று மட்டும் சொல்வேன். உன் பெயரை எடுக்கமாட்டேன்.

முனிராஜ்


தொம்மலூர்
29 மார்ச் 2025

அண்ணா,

26-ஆம் தேதி நீங்கள் உங்கள் தரப்பைச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, நான் வராந்தாவில் நின்றிருந்தேன். நீங்கள் பார்க்காமல் போய்விட்டீர்கள். பார்த்திருந்தால் என்னால் உள்ளே போயிருக்க முடியாது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

விசாரணைக்கு வந்த வித்யாலட்சுமி மேடம், வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட வக்கீல், என் பழைய ஸ்டேட்மென்ட்டை வாசித்து, "இதில் மாற்றம் உண்டா" என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். இல்லை என்று சொல்லத்தான் ராகேஷ் என்னை அழைத்து வந்திருந்தார். நான் உண்டு என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம், "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார்.

சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இரண்டு வழி, ஒரு வழி என்று உளறினேன். கடைசியில், "காட்டட்டுமா" என்று கேட்டேன். நிரலின் பழைய வடிவங்களெல்லாம் தேதி வாரியாகச் சேமிப்பில் இருக்கும், பார்க்கிற அனுமதி இன்னும் எனக்கு இருந்தது. நவம்பர் வடிவத்தை எடுத்து லேப்டாப்பில் ஓட்டினேன். அந்த வெள்ளைத் திரை வந்தது. சோதனைக்கான பொத்தானை மேடம் கையாலேயே அமுக்கச் சொன்னேன். அமுக்கினார். அறை ஒன்று மைனஸ் பதினேழு, அறை இரண்டு மைனஸ் பதினெட்டு. மறுபடி அமுக்கினார். ஏழெட்டு முறை அமுக்கியிருப்பார். அதன் பிறகு கறுப்புப் பெட்டியோடு அதே வடிவத்தை ஓட்டினேன். முதல் முறை அமுக்கியதுமே 'எமர்ஜென்சி, அறை மூன்றில் ஆள்' என்று வந்தது. ராகேஷ் எழுந்து வெளியே போய்விட்டார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். முடிவு பிறகு வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. நேற்று என் கடைசி நாள். ரிலீவிங் லெட்டர் கேட்டேன். உள்விசாரணை முடியும் வரை என்னை விடுவிக்க முடியாது, தினமும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று மெயில் வந்தது. புதிய கம்பெனி ஏப்ரல் 10 வரைதான் பொறுப்பார்களாம். திங்கட்கிழமை மறுபடி அதே சீட்.

வியாழக்கிழமை மாலை பிரிஜெட் அக்கா வீட்டுக்குப் போனேன். குழாயடியில் கேட்டு, கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. யார் என்று சொன்னதும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முனிராஜ் அண்ணன் திரையில் அது வரவே இல்லை, வராதபடி செய்தது நான் என்றேன்.

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார், "நான் எத்தினி தரம் அமுக்கினேன்னு எங்கனா எழுதியிருக்கா?"

"இல்லக்கா. எங்கயும் பதிவாகல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல."

"சரி, நீ போ" என்று கதவைச் சாத்திவிட்டார். சத்தமாகச் சாத்தவில்லை. அவர் நம்பினாரா, என்னை வெறுத்தாரா எதுவும் தெரியவில்லை. நீங்கள் கேட்டதைச் செய்தேன், ஆனால் அதனால் உங்களுக்கு எதுவும் ஆகுமா என்று சொல்லத் தெரியவில்லை.

தர்ஷினி


அல்சூர்
9 ஏப்ரல் 2025

தர்ஷினிம்மா,

உன் கடிதம் வந்தபோதே பதில் எழுதியிருக்க வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். நீ அங்கே பேசினது எனக்குத் தெரியவே தெரியாது. சரசுவுக்கு வாசித்தேன். இரண்டு வாரமாக மூடியிருந்த வாயைத் திறந்து, "பொண்ணு நின்னுட்டா பாரு" என்றாள்.

கம்பெனியிலிருந்து எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. போன் பண்ணினால் பிராசஸ் நடக்கிறது என்கிறார்கள். வேலை வருமா என்று தெரியாது. வந்தாலும் அந்த நாற்காலியில் போய் உட்கார மனசு வருமா என்றும் தெரியாது.

இன்று காலை பிரிஜெட் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம். நான் உள்ளே இருந்தேன். படி ஏறாமல் தெருவிலேயே நின்றுகொண்டு, "அண்ணா" என்றாள். வெளியே போனேன்.

"நீ பாக்கலியாமே."

"பாக்கலம்மா."

"அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

தரையைப் பார்த்தாள். நான் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அண்ணா, உள்ள இருந்தப்போ நான் உன்னெ சாபம் விட்டேன். நீ பாத்துக்கினே உக்காந்திருக்கேன்னு நெனச்சு, ஒவ்வொரு தரமும் அமுக்கி அமுக்கி, உன் புள்ள உருப்படாம போவட்டும்னு சொன்னேன். விக்கி பேரெ சொல்லி சொன்னேன். ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. அவன் பரீட்சைக்குப் போறதெ ஜன்னல்லருந்து பாத்தேன். அண்ணி மூஞ்சில எப்படி முழிப்பேன், சொல்லு?"

இத்தனை நாள் என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் உள்ளே போகிறாள் என்று நினைத்திருந்தேன். பின்னாலிருந்து சரசுதான் வந்தாள். "நீ விட்ட சாபம் பலிச்சிருந்தா நேத்து பி.யு.சி. ரிசல்ட்ல அவன் பாஸாயிருப்பானா? போதும், செருப்பெ விட்டுட்டு உள்ள வா" என்றாள்.

வந்தாள். சரசு காபி கொடுத்தாள். வலது கையை நீட்டப் போய், ஞாபகம் வந்து, இடது கையால் வாங்கிக்கொண்டாள். அந்தக் கையை நாங்கள் மூன்று பேருமே பார்க்காத மாதிரி இருந்தோம். எந்தக் காகிதம் வந்தாலும் அந்த விரல் நுனிகள் திரும்பி வரப்போவதில்லை.

போகும்போது உன்னைப் பற்றிக் கேட்டாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள் எல்லாரும் எப்படி மெட்ரோவைப் பிடிக்க ஓடுகிறார்கள், இவள் மட்டும் அன்றைக்கு என்னிடம் சொல்லிவிட்டுப் போன பிறகு தெருமுனையில் ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்தாள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்றாள். உன் கம்பெனி உன்னை விடாமல் வைத்திருக்கிறதைச் சொன்னேன். தினமும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றேன்.

படி இறங்கினவள் திரும்பி நின்று, "அப்ப அந்தப் பொண்ணு இன்னும் வெளிய வர்லியா?" என்று கேட்டாள்.

நாளைக்குப் பத்தாம் தேதி, உன் புது கம்பெனி சொன்ன கெடு. அவளுக்கு என்ன சொல்லட்டும் என்று எழுது.

முனிராஜ் அண்ணன்